இரவு பத்து மணிச் சாப்பாடும் எடைக் குறைப்பும்

இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது எடை குறைக்க விரும்புவோருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை. நவி மும்பையின் நெருளில் வசிக்கும் பலருக்கு அந்த ஏழு மணி ஹார்பர் வழித்தட மின்ரயிலின் நெரிசலில்தான் கழிகிறது. வீடு வந்து, குளித்து, குடும்பத்துடன் அமரும்போது மணி பத்தை நெருங்கிவிடும். இத்தகையோர் எடை குறைக்கவே முடியாதா? முடியும். அதற்கு முதலில் கவனிக்க வேண்டியது இரவு பத்து மணியை விட, மதிய உணவுக்கும் அதற்கும் இடையே உள்ள நீண்ட வெற்றிடத்தைத்தான்.

மும்பையின் நெரிசலைக் குறைப்பதற்காக ஒரு புதிய நகரத்தை உருவாக்கும் பொறுப்புடன் 1970-இல் சிட்கோ நிறுவனம் தொடங்கப்பட்டது. 1992-இல் தானே கடற்கழியைக் கடந்து வாஷி வரை மின்ரயில் வந்தது. பின்னர் நெருள், பேலாப்பூர் வரை நீண்டது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் இப்புதிய நகருக்குக் குடிபெயர்ந்தன. வீடு விசாலமானது, பயணமும் நீண்டது. சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து நெருளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஐரோலி, மகாபே பகுதிகளின் மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிவோருக்கு வேறொரு சிக்கல். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணி என்றால், இங்கே மாலை 6.30 அல்லது 7.30. அவர்களது அலுவலகக் கூட்டங்கள் நம் இரவு உணவு வேளையில்தான் தொடங்குகின்றன.

உடலின் கடிகாரம்

நம் உடலுக்குள் ஒரு நாளொழுங்கு உண்டு. இரவில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரக்கத் தொடங்கும்போது, சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது. அதனால் காலையில் உண்ணும் அதே நான்கு இட்லியை இரவில் உண்டால், இரத்தச் சர்க்கரை கூடுதலாக உயர வாய்ப்புண்டு.

பாஸ்டன் நகரின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. அதிக எடையுள்ள 16 பேருக்கு ஒரே வகை உணவு, ஒரே அளவில் வழங்கப்பட்டது. ஒரு கட்டத்தில் வழக்கமான நேரத்திலும், மற்றொரு கட்டத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாமதமாகவும் அவர்கள் உண்டனர். தாமதமாக உண்டபோது பசி அதிகரித்தது. போதும் என்ற நிறைவைத் தரும் லெப்டின் என்னும் ஹார்மோன் குறைந்தது. உடல் செலவிடும் ஆற்றலும் சற்றுக் குறைந்தது. ஆய்வு சிறியதே. எனினும், நேரமும் ஒரு பொருட்டு என்பதை அது காட்டுகிறது.

நேரமா, அளவா?

நேரம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறதா? அதே 2022-இல் சீனாவின் குவாங்சௌ நகரில் நடந்த ஆய்வின் முடிவுகளும் வெளியாயின. உடற்பருமன் உள்ள 139 பேர் பங்கேற்றனர். இரு பிரிவினருக்கும் ஒரே கலோரி வரம்பு. ஒரு பிரிவினர் காலை எட்டு முதல் மாலை நான்கு மணிக்குள் மட்டும் உண்டனர். மற்றவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஓராண்டு முடிவில் முதல் பிரிவினர் சராசரியாக 8 கிலோவும், மற்றவர்கள் 6.3 கிலோவும் குறைந்திருந்தனர். புள்ளியியல் நோக்கில் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்றே ஆய்வாளர்கள் கூறினர்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடைமுறைக்கு உதவும் முடிவு கிடைக்கிறது. எடையைக் குறைப்பது முதன்மையாக மொத்த அளவே. பின்னிரவு உணவு பசியைத் தூண்டி, அந்த அளவைக் காப்பதைக் கடினமாக்குகிறது. எனவே கடிகாரத்தை மாற்ற இயலாதவர்கள், பசியை முன்கூட்டியே கையாளக் கற்றால் போதும்.

ஒன்பது மணி நேர வெற்றிடம்

மதியம் ஒரு மணிக்கு டப்பாவைக் காலி செய்தவர், இரவு பத்து மணிக்குத்தான் அடுத்த வேளை உண்கிறார். இடையில் ஒன்பது மணி நேரம். அந்தப் பசியில் ரயில் நிலைய வாசலில் ஒரு வடாபாவ், வீட்டில் சமையல் ஆகும்வரை ஒரு கிண்ணம் மிக்சர், பிறகு முழுச் சாப்பாடு என்று மூன்று உணவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றுக்குள் செல்கின்றன.

இதற்கு எளிய மாற்று, இரவு உணவை இரண்டாகப் பிரிப்பது. மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு, அலுவலகத்தை விட்டுக் கிளம்புமுன், முதல் பாதி: ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறு சுண்டல், ஒரு பழம், ஒரு குவளை மோர். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 160 கலோரியும் 8 கிராமுக்கு மேல் புரதமும் உண்டு. 50 கிராம் மிக்சரில் சுமார் 250 கலோரி. நிறைவோ மிகக் குறைவு. காலையில் மதிய டப்பாவுடன் இன்னொரு சிறு டப்பாவையும் கட்டிவிட்டால் இது நடைமுறையாகிவிடும்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டாம் பாதி. இரண்டு சப்பாத்தி அல்லது ஒரு ஜோவார் பாக்ரி, காய்கறிக் கூட்டு, பருப்பு. அல்லது ஒரு சிறு கிண்ணம் சோறு, ரசம், பொரியல். சோறு உண்டால் எடை ஏறும் என்று அஞ்ச வேண்டியதில்லை, அளவே முக்கியம். எண்ணெயில்தான் கூடுதல் கவனம் தேவை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. மொறுமொறுப்பான தோசைக்கும் ஆவியில் வெந்த இட்லிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அதுதான்.

உறங்குமுன் கொறிப்பது

சாப்பாட்டுக்குப் பின் தொலைக்காட்சி முன் கொறிப்பதுதான் கணக்கில் வராத செலவு. நாள்தோறும் 250 கலோரி என்றால் மாதத்தில் 7,500. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது ஏறத்தாழ 7,700 கலோரி. உடல் இந்த ஏட்டுக் கணக்கை அப்படியே பின்பற்றுவதில்லை என்றாலும், சிறு துளிகள் எங்கே சேர்கின்றன என்பதை இது உணர்த்தும். நள்ளிரவில் கைப்பேசியில் வரவழைக்கும் உணவுக்கும் இது பொருந்தும். வாரம் மூன்று முறை, முறைக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 31,200 ரூபாய்.

உண்டவுடன் படுக்கக் கூடாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுவது நல்லது; அது இயலாதபோது இரவின் பங்கை மேலும் சிறிதாக்கலாம். சாப்பிட்டபின் பத்து அல்லது பதினைந்து நிமிடம் குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே மெதுவாக நடந்தால், இரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். உறக்கம் குறைந்தால் மறுநாள் பசி மிகும் என்பதால், உறக்க நேரத்தைக் காப்பதும் எடைக் குறைப்பின் ஒரு பகுதியே.

கவனம் தேவைப்படுவோர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என்றும், வயது வந்தோரில் 39.5 சதவீதத்தினருக்கு வயிற்றுப் பருமன் உள்ளது என்றும் அது மதிப்பிட்டது. இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மருந்துகளை எடுத்துக்கொள்வோர், எடை குறைக்கும் ஆர்வத்தில் இரவு உணவைத் தவிர்த்தால் உறக்கத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். இவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேளாமல் உணவு நேரத்தை மாற்றலாகாது.

மற்றவர்களும் இலக்கை அளவோடு வைத்துக்கொள்வது நலம். இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீட்டெண் 23-ஐத் தொட்டாலே அதிக எடை. 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது சுமார் 62.5 கிலோ. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதுமானது. 80 கிலோ உள்ளவர் 4 கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் நன்மை தெரியத் தொடங்கும்.

பெருநகர வாழ்வில் குடும்பத்தினர் அனைவரும் ஒன்றாக அமர்வது பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டின்போது மட்டுமே. பிள்ளைகளின் பள்ளிக் கதைகளும் பெரியவர்களின் அன்றாடக் குறைகளும் அப்போதுதான் காதில் விழுகின்றன. எடைக்காக அந்த வேளையைத் துறக்க வேண்டியதில்லை. மாலையில் பசியை ஆற்றிக்கொண்டு வந்தவர், சிறிய தட்டுடன் நிதானமாக அதில் பங்கேற்கலாம்.