துறுதுறுப்பும் தொண்டும்

மாணவர்களே, ஓரிடத்தில் அடங்கியிராத நாயை வீட்டார் தொல்லை என்பர். பேரிடர் மீட்புப் படையினரோ அத்தகைய நாயையே விரும்பித் தேர்ந்தெடுப்பர். பந்துக்காக ஓயாமல் ஓடும் நாயே இடிபாடுகளிலும் சலியாது தேடும். உள்ளே சிக்கியவரின் வாடை கல்லிடுக்குகள் வழியே மேலெழும். அதை முகர்ந்ததும் குரைக்க அதனைப் பழக்குவர். அதற்குப் பரிசு, அதே பந்து விளையாட்டுத்தான்.

நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆம் பட்டாலியன், திருவள்ளூருக்கு மேற்கே அரக்கோணத்தில் உள்ளது. 2023 பிப்ரவரி 6-இல் துருக்கியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது இப்படையின் வேறு பிரிவுகள் அங்குச் சென்றன. நூர்தாகி நகரில் ஜூலி என்னும் லாப்ரடார் நாய் ஓரிடத்தில் குரைத்தது. உறுதி செய்ய அனுப்பிய ரோமியோவும் அங்கேயே குரைத்தது. தோண்டினர், ஆறு வயதுச் சிறுமி உயிரோடு மீண்டாள்.

துறுதுறுப்பு குற்றமன்று, அதற்கேற்ற பணியைக் காட்டாமையே குற்றம்.