காட்டுக் காளானும் மண்ணின் உலோகமும்

மழைக்காலத்தில் ராஞ்சியிலோ ஜாம்ஷெட்பூரிலோ சந்தைக்குச் செல்லும் தமிழன்பர்கள், மண் ஒட்டிய சிறு உருண்டைகளைக் கூறு கட்டி விற்பதைக் கண்டிருப்பார்கள். ‘ருக்டா’ என்று அங்கு வழங்கும் காட்டுக் காளான் அது. பஸ்தர்ப் பகுதியில் அதனைப் ‘போடா’ என்பர். சால மரத்தின் வேரை அண்டி மண்ணுக்குள் விளைவது. இராமபிரான் ஓர் அம்பால் துளைத்ததாகக் கூறும் ஏழு மராமரங்களும் இச்சால மரங்களே. சுவைமிக்க இவ்வுணவைப் பழிப்பது நம் நோக்கமன்று. எந்தக் காட்டுக் காளானை வாங்கினாலும், அது எங்கே முளைத்தது என்று கேட்பது ஏன் இன்றியமையாதது என்பதையே ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

நாம் பறிக்கும் பகுதி காளானின் கனி போன்றது. அதன் உடலோ மண்ணுக்கடியில் மயிரினும் நுண்ணிய இழைகளாகப் பரந்து கிடக்கிறது. மரவேர் புகமுடியாத இடுக்குகளிலும் அவ்விழை புகும். அமிலங்களைச் சுரந்து, கல்லிலும் மண்ணிலும் கட்டுண்ட தாதுக்களைக் கரைத்து உறிஞ்சும். அவற்றில் ஒரு பங்கை மரத்துக்கு ஈந்து, மரம் இலையில் ஆக்கிய சர்க்கரையைப் பெற்றுக்கொள்ளும். நல்ல பண்டமாற்றுத்தான்! ஆனால், காட்மியம் என்னும் நச்சு உலோகம் துத்தநாகத்தை ஒத்த தன்மையுடையது. துத்தநாகத்துக்குத் திறந்த வாயில் வழியே அதுவும் நுழைந்துவிடுகிறது. நுழைந்ததைக் காளான் கந்தகம் பொதிந்த புரதங்களால் பிணைத்து அடக்கி வைக்கிறது. ஆகவே காளானுக்குக் கேடில்லை. உண்பவருக்கு?

இதிலும் இனத்துக்கு இனம் வேற்றுமை உண்டு. ஐரோப்பியப் புல்வெளிகளில் முளைக்கும் குதிரைக் காளான், மாசில்லாத மண்ணிலிருந்துங்கூடக் காட்மியத்தைத் திரட்டிவிடும். இடம் கெட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஸ்லோவேனிய நாட்டில் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பாதரசம் தோண்டிய இத்ரியாவின் காளான்களில் பாதரசம் மிகுந்திருக்கக் கண்டனர். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்றில் பரவிய சீசியம், ஜெர்மனியின் பவேரியக் காடுகளில் மழையோடு இறங்கியது. அது பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் வேண்டும். பொட்டாசியத்தை ஒத்த அவ்வுலோகத்தை அக்காட்டுக் காளான்கள் இன்றளவும் உறிஞ்சி வருகின்றன.

நம் நாட்டுக்கு வருவோம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. சாலையோர மண்ணில் படிந்த ஈயமோ எளிதில் அகல்வதன்று. செம்பெடுத்த சிங்பூம் வட்டாரத்தின் கழிவு மேடுகளும், உலைக் கசடு கொட்டிய நிலங்களும் அத்தகையனவே. அங்கு முளைத்த காளானை, அது உண்ணத்தக்க இனமே ஆயினும், தொடாதிருப்பது நலம்.

சமைத்தால் நஞ்சு போய்விடும் என்பார் உளர். உலோகம் நெருப்பில் அழிவதில்லை. வேகவைத்த நீரை இறுத்துக் கொட்டினால் சீசியம் ஓரளவு குறையும். காட்மியம் முழுதும் நீங்காது. வெள்ளிக் காசு கறுக்கிறதா என்று பார்க்கும் சோதனை எந்த நஞ்சையும் காட்டாது. ஒரு வேளை உண்டதால் உடனே நோய் வருமென்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் சிறுநீரகத்தில் தங்கிய காட்மியம் பாதியாகக் குறைய 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மாதத்தில் எல்லா உணவிலிருந்தும் கொள்ளத்தக்க காட்மியம் ஒன்றரை மில்லிகிராமே எனச் சர்வதேச வல்லுநர் குழு 2010இல் வரையறுத்தது.

விற்கும் பெண்மணியிடம் எந்தக் காட்டில் எடுத்தது என்று அவர் மொழியிலேயே கேளுங்கள். பெரும்பாலும் ஊர்ப் பெயரோடு விடை கிடைக்கும். ஐயமிருப்பின், தூய வைக்கோலில் வளர்த்த சிப்பிக் காளானை வாங்கலாம். சில வாரங்களில் விளைந்துவிடும் அதில் உலோகம் சேர வாய்ப்பு மிகக் குறைவு.