வெள்ளிப் பெட்டிக்குள் ஓர் உருமி

மார்கழி பிறந்துவிட்டால் உடுமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் இருட்டியதும் உருமிச் சத்தம் கேட்கத் தொடங்கும். சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சலகெருதுகளை ஆடப் பழக்கும் காலம் அது. மூங்கில் கம்போடு ஆட்கள் முன்னே நிற்க, காளை உருமிக்குக் கால் மாற்றி வைக்கும். சின்ன வயதில் மாட்டைப் பார்த்ததைவிட உருமிக்காரரின் கையை நான் பார்த்த நேரம்தான் அதிகம். ஒரு முகத்தில் குச்சியால் அடிப்பார். மறு முகத்தில் அடியே கிடையாது. வளைந்த குச்சியைத் தோல்மேல் அழுத்தித் தேய்ப்பார். குச்சி தோலைப் பிடித்து இழுக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் நடக்கும் இந்தப் பிடியும் வழுக்கலும்தான் காதில் உறுமலாகச் சேர்கிறது. அழுத்தம் மாற மாற, சுருதி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் இடைவெளி முழுவதையும் தொட்டுக்கொண்டே ஏறும்.

அந்த இழுவையைப் பல வருடம் கழித்து ஓர் இசைத்தட்டில் கேட்டேன். 1982இல் பம்பாயில் பதிவானது. தோல் இல்லை, குச்சி இல்லை, மின்சாரம் மட்டும்தான். தட்டின் பெயர் ‘சிந்தஸைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’. வாசித்தவர் சரண்ஜித் சிங்.

1940இல் பிறந்தவர். இருபது வருடத்துக்கு மேல் இந்திப் படப் பாடல்களுக்குப் பின்னால் கிதாரும் பேஸ் கிதாரும் கீபோர்டும் வாசித்தவர். நம்மூர் நோம்பிக் கச்சேரி மேடையைப் பார்த்தவர்களுக்கு இந்த மனிதரைத் தெரியும். பாடுபவர் நடுவில் நிற்பார். பேஸ் கிதார்காரர் ஒரு மூலையில், ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நிற்பார். அவர் வாசிப்பது நெஞ்சில் மோதும், பெயர் யாருக்கும் தெரியாது. அப்படி வாழ்ந்த ஒருவர் 42 வயதில், உடன் யாரும் இல்லாமல், மூன்று எந்திரங்களோடு எச்எம்வி ஸ்டுடியோவுக்குள் போனார். மூன்றும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் செய்தவை. தாளத்துக்கு டிஆர்-808, ராகத்தைக் கையால் வாசிக்க ஜூபிடர்-8, அடிநாதத்துக்கு டிபி-303. மூன்றையும் ஒரே கடிகாரத்தில் ஓடும்படி இணைத்துக்கொண்டார்.

இவற்றில் 808இன் அடி பதிவுசெய்த முரசொலி என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குள் எந்த முரசும் இல்லை. கோயில் மணியைத் தட்டினால் கொஞ்ச நேரம் அதிர்ந்து அடங்குகிறதல்லவா, அதுபோல மின்துடிப்பால் ஒரு தட்டுத் தட்டியதும் அதிர்ந்து அடங்கும்படி அமைத்த ஒரு மின்சுற்று. அவ்வளவுதான்.

எனக்கு மயக்கம் தந்தது 303. ஒரு சின்ன வெள்ளிநிறப் பெட்டி. ரோலண்டில் ததாவோ கிகுமோட்டோ வடிவமைத்தது. தனியாக கிதார் பயிற்சி செய்பவருக்குத் துணையாக பேஸ் கிதார்போல வாசிப்பதே அதன் வேலை. அந்த வேலையில் அது தோற்றது. யார் காதுக்கும் அது பேஸ் கிதாராகக் கேட்கவில்லை. சுரங்களைத் தனியாக, அவற்றின் கால அளவைத் தனியாக அதற்குள் பதிய வேண்டியிருந்தது பெரிய தொல்லை. சுமார் 10,000 பெட்டிகளோடு 1984இல் உற்பத்தி நின்றுபோனது.

ஆனால் உள்ளே நடப்பதைப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 16 அறைகள். பல்லாங்குழியில் காய் போடுவதுபோல ஒவ்வொன்றிலும் ஒரு சுரம் போடலாம். சுரத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏறும். ஓர் அறையில் ‘ஸ்லைடு’ என்று குறித்துவிட்டால், அடுத்த சுரத்தின் மின்னழுத்தம் ஒரு மின்தேக்கி நிரம்பும் வேகத்தில்தான் போய்ச் சேரும். இரண்டு தொட்டிகளை அடியில் ஒரு குழாயால் இணைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மட்டம் வேறுபட்டிருக்கும்போது தண்ணீர் விறுவிறுவென்று பாயும். மட்டம் நெருங்க நெருங்க மெதுவாகி, தொட்டும் தொடாமலும் போய் நிற்கும். 303இன் சுரமும் அப்படித்தான் அடுத்த சுரத்தில் போய் அமர்கிறது. முதலில் வேகம், கடைசியில் தயக்கம். பாட்டு வாத்தியார் ஜாரு என்ற சறுக்கலைச் சொல்லிக்கொடுக்கும்போது குரல் செய்வதற்கு வெகு பக்கத்தில் இருக்கிறது இது.

அடுத்தது வடிகட்டி. 303 எழுப்பும் மூல ஒலியை வரைந்தால் ரம்பத்தின் பற்கள்போல இருக்கும். நொடிக்கு 55 அதிர்வுள்ள ஒரு சுரத்தை எடுத்தால் அதோடு 110, 165, 220 என்று மடங்குகள் எல்லாம் சேர்ந்தே வரும். வடிகட்டி மேலே உள்ளவற்றை வெட்டும். வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் தூக்கிவிடும். குமிழைத் திருகினால் வெட்டும் இடம் நகரும். மடங்குகள் ஒவ்வொன்றாக வெளியே எட்டிப் பார்க்கும். இதற்கு எந்திரம் வேண்டியதில்லை. ஒரே சுருதியில் ‘ஊ’ என்று தொடங்கி, மூச்சை விடாமல் மெல்ல ‘ஈ’க்கு வாருங்கள். குரல்வளை அதே சுரத்தில் நிற்க, வாய்க்குள் மெல்லிய சீழ்க்கைபோல ஒன்று படிப்படியாக ஏறுவது கேட்கும். நாக்கும் உதடும் அங்கே வடிகட்டியாக வேலை செய்கின்றன. 303 உயிரெழுத்துகளைப் பேசும் பெட்டி.

சரண்ஜித் சிங் எடுத்துக்கொண்ட பத்து ராகங்களில் பல நமக்கு வேறு பெயரில் பழக்கமானவை. பூபாளி நம் மோகனம். யமன் கல்யாணிக்கு உறவு. மால்கௌன்ஸ் ஹிந்தோளம், பைரவ் மாயாமாளவகௌளை, கலாவதி வலஜி, பைராகி ரேவதி. இவற்றில் பூபாளியும் மால்கௌன்ஸும் கலாவதியும் பைராகியும் ஐந்தே சுரம் கொண்டவை. 16 அறைக்குள் ஐந்து சுரங்கள் திரும்பத் திரும்பச் சுற்றும்போது, தம்புரா செய்யும் வேலையை அடிநாதம் தானாகவே செய்யத் தொடங்குகிறது. டிஸ்கோவில் பேஸ் வாத்தியம் பாட்டின் ஸ்வரக்கூட்டுகளைத் தொடர்ந்து நகர வேண்டும். ராகத்துக்கு அந்தத் தேவையே இல்லை. ஆதார சட்ஜமத்தில் நின்றால் போதும். ஒரே இடத்தில் நின்று நெளியும் எந்திரத்துக்கு ராகத்தைவிடப் பொருத்தமான வீடு கிடைத்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். அந்த வருடம் இந்திப் படமெங்கும் டிஸ்கோதான். எல்லாரும் அதைப் பாட்டுக்குள் இழுத்துக்கொண்டிருந்தபோது, இவர் தபலாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டிஸ்கோவை வைத்தார்.

தட்டு விற்கவில்லை. ஐந்து வருடம் கழித்து, 1987இல், அமெரிக்காவின் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவினர் பழைய 303 ஒன்றை எடுத்து, குமிழ்களைத் திருகிக்கொண்டே ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை உலகமெல்லாம் பரவியது. பம்பாயில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. 2002இல் எடோ பௌமன் என்ற டச்சு இசைத்தட்டுச் சேகரிப்பாளர் டெல்லியில் ஒரு கடையில் சரண்ஜித் சிங்கின் தட்டைக் கண்டெடுத்தார். 2010இல் மறுபடி வெளியிட்டார். அதன்பின் ‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர்’ என்று சிங்கை அழைத்தார்கள். அந்தப் பட்டம் எனக்கு உவப்பில்லை. சிகாகோ இளைஞர்கள் நடனக்கூடத்திலிருந்து அந்த ஒலிக்கு வந்தார்கள், இவர் ராகத்திலிருந்து வந்தார். கிகுமோட்டோவின் பெட்டிக்குள் யாரும் கேட்டிராத ஒரு குரல் படுத்திருந்தது. அதை இரண்டு கண்டங்களில், ஒருவரையொருவர் அறியாமல், இரு வழிகளில் எழுப்பினார்கள். எனக்கு வியப்பாக இருப்பது அதுதான்.

எழுபது வயதைக் கடந்தபின் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் அந்த ராகங்களை மறுபடி வாசித்தார். எதிரே தன் பேரப்பிள்ளைகள் வயதில் கூட்டம் ஆடியது. இந்தமுறை மேடை நடுவில் நின்றவர் அவர்தான். 2015 ஜூலையில் காலமானார்.

தட்டின் மால்கௌன்ஸை என் ஹெட்போனில் போட்டு, ஹிந்தோளம் தெரிந்த ஒரு பெரியம்மாவிடம் கொடுத்தேன். முதலில் முகம் சுளித்தார். அரை நிமிடம் ஆகவில்லை, வலது கை மடியில் தாளம் போடத் தொடங்கிவிட்டது.