வீட்டைப் பூட்டிட்டுப் போனா ஹோம் லோன் பிரச்னை தீர்ந்துடுமா?

பட்டா, சான்றிதழ்னு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருப்பீங்க. வங்கிகளும் அங்கே மனு கொடுக்கும், தெரியுமா? லோன் கட்டாத வீட்டைக் கைப்பற்றத்தான்!

2002-ல் வந்த சர்ஃபாசி சட்டப்படி, வீட்டை எடுக்க வங்கி கோர்ட்டில் வழக்குப் போட வேண்டியதில்லை. தவணை 90 நாள்களுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன். அடுத்து, 60 நாள் கெடுவோடு நோட்டீஸ். அதற்கும் அசையலைன்னா கதவில் நோட்டீஸ் ஒட்டி, 2 பேப்பர்களில் விளம்பரமும் கொடுப்பாங்க. சாவி கிடைக்கலைன்னா, மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற முறையில் கலெக்டரிடம் மனு போகும். உத்தரவு வந்தால் பூட்டை உடைத்தும் எடுக்கலாம்.

அவமானத்துக்குப் பயந்து வெளியூர் போறவங்க கோட்டை விடுவது இங்கேதான். அந்த 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், அதை ஏற்காத வங்கி 15 நாளில் காரணம் சொல்லியாகணும். கதவில் நோட்டீஸ் ஒட்டினாலும் 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

ஏலத்தன்னைக்குக் காலையில பணத்தோட போய் நிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. 2016-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, முழு பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான்.

ஏலத்தில் கடனும் செலவும் போக மிச்சம் இருந்தா, அது வீட்டுக்காரருக்குச் சேர வேண்டிய பணம். கேட்டு வாங்குங்க.