குதிரைத்திறன் அதிகம் அம்பாசடருக்கு. மலையேறுவதோ ஜீப்: காரணம் என்ன?

பாலக்காடு/இடுக்கி: கோவையிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காடு செல்லும் சாலையில் மலை குறுக்கிடுவதில்லை, மேற்குத் தொடர்ச்சி மலை அங்கு கணவாயாக வழிவிட்டுள்ளது. தெற்கே இடுக்கி எல்லையில் நிலைமை நேர்மாறானது. தேனி மாவட்டம் போடியிலிருந்து போடிமெட்டை அடைய 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். சமவெளியில் அம்பாசடர் வாடகைக் கார்களும், இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் மஹிந்திரா ஜீப்புகளும் நெடுங்காலம் கோலோச்சியதற்கு இந்த நில அமைப்பே காரணம்.

இவ்விரு வாகனங்களின் உற்பத்தியும் நின்றுவிட்டாலும், பழைய வாகனச் சந்தையில் இன்றும் கைமாறி வருகின்றன. வாங்குவோர் முதலில் கேட்பது குதிரைத்திறனைத்தான். மலைப் பாதையைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு ஏமாற்றக்கூடியது.

1,817 சிசி இசுசு பெட்ரோல் என்ஜின் பொருத்தப்பட்ட அம்பாசடரின் திறன் சுமார் 75 குதிரைத்திறன். பியூஜோ வடிவமைப்பிலான 2,112 சிசி டீசல் என்ஜின் கொண்ட மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பின் திறன் 62 மட்டுமே. ஆயினும் செங்குத்தான மண் பாதையில் முன்னேறுவது ஜீப்தான்.

அம்பாசடரில் என்ஜினின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. பின்சக்கரம் சேற்றில் வழுக்கினால் வண்டி நின்றுவிடும். எம்எம் 540 ஜீப்பிலோ வழக்கமான கியர் பெட்டியுடன் ஒரு துணைக் கியர் பெட்டியும் உண்டு. அது நான்கு சக்கரங்களையும் இயக்குவதோடு, 'லோ' நிலையில் இழுவிசையை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்குகிறது. வேகம் அதே அளவு குறையும். மலையேற்றத்தில் அது குறையன்று. இறக்கத்தில் என்ஜினே வண்டியைப் பிடித்து வைப்பதால் பிரேக் சூடேறுவதும் குறைகிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் செல்லும் கரடுமுரடான பாதையில் சாதாரண கார்கள் செல்லாமல் ஜீப்புகளே ஓடுவதற்கு இதுவே காரணம்.

எனினும், ஜீப் என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுத்துவிடக் கூடாது. கமாண்டர், மேஜர் வகைகளில் பின்சக்கர இயக்கம் மட்டுமே கொண்டவையும் விற்பனைக்கு வந்தன. கியர் கம்பியின் அருகே துணைக் கியர் பெட்டிக்கான தனிக் கம்பி உள்ளதா, அதை மாற்றினால் முன்சக்கரங்கள் உண்மையில் இழுக்கின்றனவா என ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

ஜீப்புக்கு உள்ள பெரிய குறை அதன் உயரம். தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் பாறைகளைத் தாண்டும். அதே உயரம் வளைவுகளில் கவிழும் அபாயத்தைக் கூட்டுகிறது. தேனியிலிருந்து இடுக்கித் தோட்டங்களுக்கு நாள்தோறும் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் அளவுக்கு மீறி ஆட்கள் அமர்த்தப்படும்போது இந்த அபாயம் பன்மடங்காகிறது. தாழ்ந்து அமைந்த அம்பாசடர் தார்ச் சாலையில் இதைவிட நிலையாகச் செல்லக்கூடியது.

சொந்தப் பயன்பாட்டு வாகனங்களின் பதிவு 15 ஆண்டுகளில் காலாவதியாகும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அம்பாசடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டதால், விலை பேசும் முன் பதிவுச் சான்றிதழில் உள்ள தேதியைச் சரிபார்க்க வேண்டும்.