கிடங்கில் ரப்பர் உண்டு, கணினியில் இல்லை: ஏன்?

பெட்டாலிங் ஜெயாவில் 1960-ஆம் ஆண்டுகளில் டன்லப் நிறுவனம் டயர்த் தொழிற்சாலை அமைத்தது முதல், நம் தோட்டத்து ரப்பருக்கும் அந்நகருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பலர் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழிற்சாலைகளில் சரக்குக் கிடங்குப் பொறுப்பில் இருக்கின்றனர். கிடங்கில் ரப்பர் அடுக்கடுக்காய் இருக்க, கணினி மட்டும் 'போதாது' என்று கூறினால், முதலில் கேள்விக்கு ஆளாகிறவர்கள் அவர்களே. களவு போயிற்றோ என்ற ஐயமும் எழும். பெரும்பாலும் காரணம் அதுவன்று.

உற்பத்தித் திட்டக் கணினி ரப்பரைப் பார்ப்பதில்லை. பதிவுகளை மட்டுமே பார்க்கிறது. ஓர் உற்பத்தி ஆணை பிறந்தவுடன் அதற்குரிய சரக்கை ஒதுக்கி வைக்கிறது. மொத்த இருப்பில் ஒதுக்கியதைக் கழித்த மீதியே புதிய ஆணைக்குக் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1965-இல் அறிமுகமான எஸ்.எம்.ஆர். ரப்பர், 33⅓ கிலோ கட்டிகளாக வருவது வழக்கம். மூன்று கட்டிகள் 100 கிலோ. கிடங்கில் 108 கட்டிகள் உள்ளன. ஓர் ஆணைக்கு 60 ஒதுக்கப்படுகிறது. இயந்திரம் பழுதாகி, 42 கட்டிகளுடன் வேலை நின்றுவிடுகிறது. அந்த ஆணையை எவரும் முடித்து வைக்கவில்லை. கிடங்கில் எண்ணினால் 66 கட்டிகள். ஆனால் பழைய ஆணையின் பெயரில் 18 கட்டிகள் இன்னும் கட்டுண்டு கிடப்பதால், கணினி 48 என்றே காட்டும். அடுத்த ஆணைக்கு 60 வேண்டுமெனில், 12 கட்டிகள் வாங்கும்படி அது சொல்லும். பழைய ஆணையை முறைப்படி முடித்தால் அந்த 18 கட்டிகளும் விடுபடும். அவ்வாறு செய்யாது, அவசரத்தில் இருப்புக் கணக்கில் 12-ஐக் கூட்டி எழுதுவோரும் உண்டு. அது இல்லாத ரப்பரைப் படைப்பதாகும்; பின்னர் பழைய ஆணை முடியும் நாளில் கணினி 78 காட்டும், கிடங்கிலோ 66-தான் இருக்கும். அப்போதுதான் உண்மையான தொல்லை தொடங்கும்.

கையுறைத் தொழிற்சாலைகளில் மற்றொரு சிக்கல் உண்டு. அதனைப் பால்மரம் வெட்டுவோருக்கு விளக்கவே தேவையில்லை. பாலின் எடை வேறு, அதிலுள்ள உலர்ந்த ரப்பரின் எடை வேறு. 60 விழுக்காடு அடர்த்தியுள்ள 1,000 கிலோ பாலில் ரப்பர் 600 கிலோவே. கலவைக் குறிப்பு உலர்ந்த எடையிலும் கிடங்குப் பதிவு பாலின் எடையிலும் இருந்தால், கணக்கு ஒருபோதும் ஒத்துவராது. தோட்டத்துப் பால் நிறுவையில் அடர்த்தி பார்ப்பது எதற்கோ, அதே காரணம்தான் இங்கும்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் வேறுபாடு நீங்காவிடில், தர ஆய்வுக்காக நிறுத்தி வைத்த கட்டிகளைப் பார்க்க வேண்டும். அவை கிடங்கில்தான் இருக்கும். ஆய்வு முடிவு பதிவாகும் வரை கணினி அவற்றை எந்த ஆணைக்கும் கொடாது.