கடலடியிற் படம் பிடிக்கக் கற்போம்

கடற்கரையில் நின்று கடலைப் படம் பிடிப்பது எவர்க்கும் எளிது. அக்கடலினுள்ளே இறங்கி, அங்கே திரியும் மீனையும் முருகைக் கல்லையும் படம் பிடிப்பது வேறொரு கலை. முன்னாளில் ஆராய்ச்சியாளர்க்கும் செல்வர்க்குமே உரியதாயிருந்த இக்கலை இன்று மாணவர்க்கும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. நீர் புகாத சிறிய கமராக்களும், கைத்தொலைபேசியை உள்ளே வைத்து மூடும் உறைகளும் கடைகளிற் கிடைக்கின்றன.

ஆயினும், கருவி கைக்கு வந்த அளவிற் கலையும் கைவந்துவிடுவதில்லை. முதன்முறை நீரில் இறங்கிப் படம் எடுத்தவர் கரைக்கு வந்து பார்க்கும்போது பெரும்பாலும் காண்பது நீலமும் பச்சையும் கலந்த ஒரு மங்கல். அதன் நடுவே எங்கோ ஒரு மீனின் வால். கண்ணாரக் கண்ட வண்ணங்கள் எங்கே போயின? கமராவிற் குறையில்லை. நீரின் இயல்பை அறியாமையே குறை. ஆதலால், இக்கலையில் விருப்பமுடையோர் முதலில் நீரைக் கற்க வேண்டும். கமராவைப் பின்னர்க் கற்கலாம்.

முன்னோடிகள் பட்ட பாடு

1856ஆம் ஆண்டில் வில்லியம் தொம்சன் என்னும் ஆங்கிலேயர், இங்கிலாந்தின் வேமத் குடாவிலே, கமராவை ஒரு பெட்டியில் அடைத்து நீருக்குள் இறக்கினார். தாம் நீரில் இறங்கவில்லை. பெட்டியினுள் கடல்நீர் புகுந்துவிட்டது. எனினும் மங்கலான படமொன்று தகட்டில் விழுந்தது.

தாமே கடலில் இறங்கி இத்துறைக்கு வழி வகுத்தவர் லூயி பூத்தான் என்னும் பிரெஞ்சு உயிரியல் அறிஞர். 1893ஆம் ஆண்டில், பிரான்சின் தென்கரையிலுள்ள பனியூல்ஸ் என்னும் ஊரில் அவர் தம் முயற்சியைத் தொடங்கினார். அவருடைய சகோதரர் கமராவுக்கு உதவினார். கடலடியில் ஒளி மிகக் குறைவாதலால், ஒரு படத்துக்கு அரை மணி நேரம் வரையும் கமராவை அசையாது வைத்திருக்க நேர்ந்தது. பின்னர் மகனீசியத் தூளை எரித்து ஒளி உண்டாக்க முயன்றார்.

1926ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாக் கடலில், லோங்லி என்னும் மீனியல் அறிஞரும் சார்ள்ஸ் மாட்டின் என்னும் படப்பிடிப்பாளரும் மிதவையொன்றில் மகனீசியத் தூளை வெடிக்கச் செய்து, அவ்வொளியில் மீன்களை இயற்கை வண்ணத்திற் படம் பிடித்தனர். அப்படங்கள் 1927 சனவரி மாத ‘நாஷனல் ஜியோகிரபிக்’ இதழில் வெளிவந்தன.

இவர்களை வருத்தியவை இரண்டே: ஒளி போதாமை, நீர் உட்புகுதல். இன்று கருவிகள் எவ்வளவோ திருந்திவிட்டன. ஆயினும் புதிதாகத் தொடங்குவோரை வருத்துபவை இன்றும் அவ்விரண்டுமே.

நீர் செய்யும் மூன்று மாயங்கள்

முதலாவது மாயம் ஒளிமுறிவு. நீரிலிருந்து கண்ணாடியைக் கடந்து காற்றுக்கு வரும் ஒளி வளைகின்றது. இதனால், முகக் கண்ணாடி அணிந்து நோக்குவோர்க்கு நீரிலுள்ள பொருள் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும், உண்மைத் தூரத்தின் முக்காற் பங்கிலேயே இருப்பதாகவும் தோன்றும். கைக்கெட்டும் என்று நீட்டினால் எட்டாது. தட்டையான கண்ணாடியின் பின்னே இருக்கும் கமராவும் இவ்வாறே ஏமாறுகின்றது. அதன் பார்வை ஒடுங்குகின்றது. அகன்ற பார்வையுடைய வில்லையைக் கடலடிக்கு உகந்ததெனக் கூறுவது இதனாலேயே.

இரண்டாவது மாயம் நிறக் களவு. வெயிலின் வண்ணங்களை நீர் ஒவ்வொன்றாக விழுங்குகின்றது. முதலில் மறைவது சிவப்பு. 5 மீற்றர் ஆழத்திலேயே அதன் பெரும் பகுதி போய்விடும். அடுத்துச் செம்மஞ்சளும், அதன்பின் மஞ்சளும் மங்கும். இறுதிவரை நிற்பது நீலம். 20 மீற்றர் ஆழத்தில் விரலிற் காயம் பட்டால் வடியும் இரத்தமும் சிவப்பாகத் தெரியாது. மேலிருந்து கீழே வரும் தூரம் மட்டுமன்றி, மீனிலிருந்து கமராவுக்கு வரும் தூரமும் இக்கணக்கிற் சேரும் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது மாயம் தூசி. எவ்வளவு தெளிந்த கடலிலும் நுண்ணிய துகள்கள் மிதக்கின்றன. கமராவோடு ஒட்டிய ‘பிளாஷ்’ விளக்கை எரித்தால், அவ்வொளி மீனைச் சேருமுன் இத்துகள்களிற் பட்டுத் திரும்பும். நுவரெலியா வீதியில் மூடுபனி வேளையில் வண்டியின் முன்விளக்கை உயர்த்திப் போட்டால், பாதை தெரியாது பனியே தெரிவது போன்றது இது. தேர்ந்த படப்பிடிப்பாளர் விளக்கை நீண்ட கைகளிற் பொருத்திக் கமராவுக்குப் புறத்தே தள்ளி வைப்பதன் காரணம் இதுவே.

மூன்றுக்கும் மருந்து ஒன்றே

இம்மூன்று மாயங்களையும் வெல்லும் உபாயம் ஒன்றே. படம் பிடிக்கும் பொருளுக்கு அருகிற் செல்லுங்கள். அருகிற் சென்றபின் இன்னும் சற்று அருகிற் செல்லுங்கள். கமராவுக்கும் பொருளுக்கும் இடையே நீர் குறையக் குறைய, நிறமும் தெளிவும் கூடும். தொடங்குவோர் ஒரு மீற்றருக்கு அப்பாலுள்ள எதனையும் படம் பிடிப்பதில்லை என்று விரதம் பூண்டால், பாதி வெற்றி கிட்டிவிடும்.

வேறு சில குறிப்புகளும் பயன்படும். மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் மீன் பாறையோடு கலந்துவிடும். மீனின் மட்டத்துக்குத் தாழ்ந்து, சற்றே மேல்நோக்கி எடுப்பது நன்று. சூரியன் உச்சியை அண்மிய வேளையில், ஏறக்குறைய முற்பகல் 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில், ஒளி நீரினுள் மிகுதியாக இறங்கும். ஆழமற்ற நீரில் விளக்கே வேண்டாம். கமராவில் வெண்மையைச் சரிசெய்யும் வசதியிருந்தால், வெண்ணிறப் பலகையொன்றை நீருக்குள் காட்டிச் சரிசெய்துகொள்ளலாம். ஆழம் மாறும்போது மீண்டும் செய்தல் வேண்டும்.

இவற்றைப் பழகக் கடலுக்குப் போகவேண்டியதில்லை. நீச்சற் குளத்தின் ஆழமற்ற பகுதியில் சிவப்பு, மஞ்சள், நீல நிறப் பொருள்களை வைத்து, அரை மீற்றரிலிருந்தும் மூன்று மீற்றரிலிருந்தும் படம் பிடித்து ஒப்பிட்டுப் பாருங்கள். பத்துப் பக்கம் படித்தறிவதை அந்த இரண்டு படங்களும் உணர்த்திவிடும்.

றப்பர் வளையமும் ஒரு மயிரும்

கமரா உறையின் மூடியிலே மெல்லிய றப்பர் வளையமொன்றுண்டு. நீரைத் தடுப்பது அதுவே. அதன்மேல் ஒரு தலைமயிரோ மணற்பருக்கையோ கிடந்தாற் போதும், நீர் உட்புகுந்துவிடும். ஒவ்வொரு முறையும் வளையத்தைத் துடைத்து, அதற்குரிய பசையை மெல்லெனப் பூசி மூடுங்கள். புதிய உறையை முதலில் கமராவின்றி நீரில் அமிழ்த்திப் பாருங்கள். கடலிலிருந்து வந்ததும், திறக்குமுன், நன்னீரில் ஊறவைத்து உப்பை நீக்குங்கள். எத்தனை மீற்றர் ஆழத்துக்கு உரியதென்று உறையிற் குறித்திருப்பதைக் கடவாதீர்கள். தொலைபேசியை இடும் மெல்லிய பைகளை நம்பி ஆழத்துக்குச் செல்லுதல் தகாது.

படத்தினும் உயிர் பெரிது

மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய கயிற்றைத் தோணியிலிருந்து ஒருவர் பிடித்திருந்தார். அவர் பெரும்பாலும் சுழியோடியின் மைத்துனராகவே இருப்பார் என்று சொல்வார்கள். தன் சகோதரியின் தாலியைக் காப்பவன் கயிற்றை நழுவவிடான் அல்லவா! கமரா ஏந்திச் செல்வோர்க்கும் இத்தகைய துணை ஒன்று கட்டாயம் வேண்டும். கண்ணைக் கமராவிற் பதித்தவர் நேரத்தையும் அலையையும் மறந்துவிடுகின்றார். தனியே இறங்காதீர்கள்.

நன்றாக நீந்தத் தெரியாதவர் கமராவைத் தொடவேண்டாம். நீந்தத் தெரிந்தவர் முகக் கண்ணாடியும் சுவாசக் குழாயும் கொண்டு மேற்பரப்பில் மிதந்து பழகலாம். மூச்சடக்கி மூழ்குமுன் பலமுறை வேகமாக மூச்சிழுத்து விடுதல் ஆபத்து. முன்னறிவிப்பின்றி நீருள்ளேயே மயக்கம் வரும். காற்றுக் கலத்துடன் சுழியோட விரும்புவோர் தகுதிபெற்ற ஆசிரியரிடம் முறையாகப் பயில்தல் வேண்டும். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் நீரின் மேலுள்ளதைப் போல் இரு மடங்காகும். அங்கே நிறைத்த மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். முதற் சில சுழியோட்டங்களிற் கமராவைக் கரையில் விட்டுச் செல்வதே அறிவுடைமை. மேலெழாமலும் கீழ்விழாமலும் ஓரிடத்தில் நிற்கக் கற்றவருக்கே கமரா உரியது.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முருகைக் கல் வெறுங் கல்லன்று. சின்னஞ்சிறு விலங்குகள் கூடிக் கட்டிய வீடு. திரண்ட பாறையாக வளரும் இனங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளர்கின்றன. ஒரு படத்துக்காகக் காலை ஊன்றி முறித்துவிட்டால், அவ்விழப்பை ஈடுசெய்யப் பல்லாண்டுகள் செல்லும். 1998ஆம் ஆண்டில் கடல்நீர் சூடேறி நமது முருகைக் கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது. எஞ்சியிருப்பதை நாமும் சிதைக்கலாமா?

எங்கே, எப்பொழுது?

தென்மேற்கில் இக்கடுவைக் கடல் நவம்பரிலிருந்து ஏப்ரில் வரை அமைதியாக இருக்கும். கிழக்கே, திருகோணமலையை அடுத்த நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவில் மே முதல் செத்தெம்பர் வரை ஏற்ற காலம். இரண்டும் தேசிய பூங்காக்கள். எதனையும் எடுத்தல் குற்றம். மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரில் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹேர்மிஸ்’ கப்பல் பலருக்கும் ஆசை காட்டும். அது ஏறக்குறைய 53 மீற்றர் ஆழத்தில் உள்ளது. தொடக்கநிலைச் சுழியோடிக்கு உரிய எல்லை 18 மீற்றரே.

இக்கலை வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்குத் திருகோணமலையே சான்று. 1956ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து குடியேறிய எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் தோழர் மைக் வில்சன், சுவாமி மலையின் அடியிற் கடலுள் மூழ்கி, 17ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் இடித்த திருக்கோணேசர் ஆலயத்தின் எச்சங்களைக் கண்டார். செதுக்கிய கற்றூண்கள் கடலடியிற் கிடந்ததைப் படங்கள் உலகுக்குக் காட்டின. அவரே 1962இல் வெளிவந்த ‘ரன் முத்து தூவ’ என்னும் சிங்களப் படத்திற் கடலடிக் காட்சிகளைத் திரைக்குக் கொணர்ந்தார்.

ஆகவே இளைஞர்களே, விலையுயர்ந்த கருவிக்காகக் காத்திருக்க வேண்டாம். ஆழத்துக்கும் ஆசைப்பட வேண்டாம். துணையோடு, இடுப்பளவு நீரில், ஒரே பாறையை ஒரு பருவம் முழுவதும் பார்த்து வாருங்கள். மீனைத் துரத்தாதீர்கள், துரத்துவோர்க்கு வாலே கிடைக்கும். அசையாது காத்திருங்கள், சிறிது நேரத்தில் அதுவே திரும்பி உங்களை நோக்கும். கமராவை அழுத்த வேண்டிய நேரம் அதுதான்.